தந்தையர் பிழையும் மக்கள் தண்டமும்

தோற்றுவாய்

உயிர்கள் செய்த வினைக்கேற்ற பயனை இறைவன் ஊட்டுவான் என்பது கடவுளுண்டென்னும் சமயங்கள் பலவற்றிற்கும் ஒப்பமுடிந்த கொள்கையாம். ஆயின் அப்பயன் வினைசெய்தானை மட்டும் சாருமோ, அன்றி அவன் வழித்தோன்றியோரையும் தொடருமோ என வினவுங்கால் அச்சமயங்கள் தம்முள் வேறுபடுகின்றன. யூதரும் கிறிஸ்தவரும் தம் முதனூலாகப் போற்றும் பைபிளிலோ இவ்வொரு வினாவுக்கே ஒன்றோடொன்று முரணுவனபோலத் தோன்றும் விடைகள் இரண்டு காணப்படுகின்றன.

இம்முரண்பாட்டைக் கண்டறிந்தவர் அச்சமயத்தின் பகைவர் என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. அந்நூலை இரவும் பகலும் ஓதிய யூத ஆசிரியரே இதனை முதற்கண் கண்டனர், கண்டு மறையாது எடுத்துரைத்தனர், அமைதி தேடினர். அவர்க்குப் பின் கிறிஸ்தவ சபையின் ஆசிரியரும், அவரை மறுத்தாரும், இக்காலத்து வரலாற்று நூலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளாக நடந்துவரும் அவ்வாராய்ச்சியின் வரலாறே ஈண்டுச் சுருங்க உரைக்கப்படுகின்றது.

முரணும் இடங்கள்

மோசே சீனாய் மலையிற் பெற்றனவாகக் கூறப்படும் பத்துக் கட்டளைகள் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் உள்ளன. அவற்றுள் விக்கிரக வழிபாட்டை விலக்கும் கட்டளை, தம்மைப் பகைப்பாரின் குற்றத்தை அவர்தம் மக்களிடத்தும், மூன்றாம் நான்காம் தலைமுறையிடத்தும் இறைவன் விசாரிப்பார் எனவும், தம்மை அன்பு செய்வார்க்கு ஆயிரந் தலைமுறைவரை இரங்குவார் எனவும் கூறுகின்றது. இக்கருத்தே யாத்திராகமம் 34-ஆம் அதிகாரத்தும், எண்ணாகமம் 14-ஆம் அதிகாரத்தும், உபாகமம் 5-ஆம் அதிகாரத்தும் மீண்டும் வருகின்றது.

இதற்கு மறுதலையாக, உபாகமம் 24-ஆம் அதிகாரம் 16-ஆம் வசனம், பிள்ளைகளின் பொருட்டுத் தந்தையரையும் தந்தையரின் பொருட்டுப் பிள்ளைகளையும் கொல்லலாகாது, அவனவன் தன் பிழைக்கே சாதல் வேண்டும் என விதிக்கின்றது. எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூலிலே 18-ஆம் அதிகாரம் முழுவதும் இதனையே வலியுறுத்துகின்றது. மகன் தந்தையின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை; தந்தையும் மகனுடையதைச் சுமப்பதில்லை; பிழைசெய்த ஆன்மாவே அதன் பயனை எய்தும் என்பது அதன் பொருள்.

அற்றேல், உபாகமத்து விதி மாந்தர் நடத்தும் வழக்கு மன்றத்துக்குரியது, கட்டளையிலுள்ள உரை இறைவன் செய்யும் ஒறுத்தலுக்குரியது. ஆகலின் முரண் இல்லையெனக் கூறலாமே எனின், உபாகமத்தளவில் அவ்வாறு கூறுதல் அமையும். எசேக்கியேல் நூலளவில் அது அமையாது. ஆண்டுக் கூறப்படுவது அரசன் தீர்ப்பன்று, இறைவன் தீர்ப்பேயாம். மேலும் உபாகமம் 7-ஆம் அதிகாரமே, தம்மைப் பகைப்பவனுக்கு இறைவன் தாழ்க்காது அவன் முகத்துக்கு நேராகவே பதிலளிப்பார் என்று கூறித் தண்டம் தலைமுறைகளைத் தொடரும் என்னும் பேச்சை விடுத்தமை நோக்கத்தக்கது. எரேமியா நூலின் நிலையோ இன்னும் வியப்பானது. அதன் 31-ஆம் அதிகாரம் அவனவன் தன் அக்கிரமத்தால் மாளுங் காலம் வரும் என்கின்றது. அடுத்த 32-ஆம் அதிகாரத்து வரும் வழிபாட்டுரை தந்தையரின் அக்கிரமம் மக்களின் மடியிற் சரிக்கட்டப்படுகின்றது என்கின்றது.

பழைய கொள்கையின் நிலைக்களம்

தந்தை பிழைக்கு மகனை ஒறுத்தல் யூதர்க்கு மட்டும் உரிய கருத்தன்று. பண்டை மேற்காசிய நாடுகளிற் பரவியிருந்த எண்ணமே அது. கி.மு. 18-ஆம் நூற்றாண்டினனாகிய பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டங்கள் பொறித்த கல் 1901, 1902-ஆம் ஆண்டுகளில் சூசா நகரத்து அகழ்வில் வெளிப்பட்டது. கொத்தன் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்குரியவனின் மகன் மாண்டால் கொத்தனின் மகனைக் கொல்லவேண்டும் என்பது அச்சட்டங்களுள் ஒன்று. இனி, இப்போது துருக்கி எனப்படும் நாட்டில் ஆண்ட ஹித்தியர் மன்னன் இரண்டாம் முர்சிலி கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டவன். அவன் நாட்டிற் கொள்ளைநோய் பல்லாண்டு நின்று குடிகளை வாரிச் சென்றது. தான் பிழை செய்யவில்லை என்றும், தன் தந்தை எகிப்தியரோடு செய்த உடன்படிக்கையை மீறிய பிழையே தன்னை வந்தடைந்தது என்றும் அவன் தெய்வங்களை நோக்கி முறையிட்ட மண்ணேடுகள் ஹத்துசா நகரத்து இடிபாடுகளிற் கிடைத்துள்ளன. பிழை தன்னுடையதன்று எனத் தெளிந்தும் அதன் சுமையைத் தானே ஏற்று அழும் அரசனது குரல் அவ்வேடுகளிற் கேட்கப்படுகின்றது.

குடியும் குலமும் ஓருடம்புபோல எண்ணப்பட்ட காலம் அது. யோசுவா நூலின் 7-ஆம் அதிகாரத்தில், விலக்கப்பட்ட பொருளைக் கவர்ந்த ஆகான் என்பவன் தன் புதல்வர் புதல்வியரோடும் ஆடு மாடுகளோடும் ஆகோர் பள்ளத்தாக்கிற்குக் கொண்டுபோகப்பட்டு அழிக்கப்பட்டான். சாமுவேலின் இரண்டாம் நூல் 21-ஆம் அதிகாரத்தில், தாவீது அரசன் நாளில் மூன்றாண்டு பஞ்சம் வந்தபோது, முன்னரசனாகிய சவுல் கிபியோனியரைக் கொன்ற பழியே அதற்குக் காரணம் எனப்பட்டது. சவுல் அப்போது உயிருடன் இல்லை. அவன் மக்களும் பேரரும் ஆகிய எழுவர் கிபியோனியர் கையில் ஒப்படைக்கப்பட்டு மலைமேல் தூக்கிலிடப்பட்டனர். அவருள் இருவரை ஈன்ற ரிஸ்பாள் என்னும் தாய் பாறைமேல் இரட்டை விரித்து, பகலிற் பறவைகளும் இரவில் விலங்குகளும் உடல்களை அணுகாவண்ணம் அறுவடை தொடங்கிய நாள்முதல் மழை பெய்யும்வரை காத்திருந்தாள். அவள் ஒரு சொல்லும் பேசியதாக நூல் கூறவில்லை. ஆயினும், செய்யாத பிழைக்கு மாண்ட மக்களின் வழக்கை அத்தாய் இறைவன் முன் நின்று உரைத்தாள் எனவே கற்போர் உள்ளம் கொள்ளும். தாவீதும் அதனைக் கேட்டு, எழுவர் எலும்புகளையும் திரட்டுவித்தான் என அந்நூல் கூறுகின்றது.

இதற்கு மாறான வழக்கம் அரசர் நாளிலேயே தலைகாட்டிற்று. கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யூதேயாவை ஆண்ட அமத்சியா தன் தந்தை யோவாஸைக் கொன்ற ஊழியரைக் கொன்றான். அவர்தம் பிள்ளைகளைக் கொன்றானல்லன். மோசேயின் நியாயப்பிரமாண நூலில் எழுதியபடியே அவன் அவ்வாறு செய்தான் என இராஜாக்களின் இரண்டாம் நூல் 14-ஆம் அதிகாரம் சிறப்பித்துக் கூறுகின்றது. அரசைக் கவர்வோர் பழைய அரசமரபைப் பூண்டோடு அறுத்தல் வழக்கமாயிருந்த காலத்தில் இஃது அரிய செயலேயாம்.

யெகூவின் செய்தி இம்முரணை வேறொரு வகையாற் காட்டுகின்றது. நாபோத் என்னும் குடிமகனின் திராட்சைத் தோட்டத்தைப் பறிக்க அவனைக் கொல்வித்த ஆகாப் மன்னன் தன்னைத் தாழ்த்தியமையால் அவன் நாளில் வாராது, அவன் மகன் நாளில் தீங்கு வரும் எனத் தீர்ப்புக் கூறப்பட்டது. ஏறத்தாழக் கி.மு. 841-இல் யெகூ யெஸ்ரயேல் ஊரில் ஆகாபின் மரபை அழித்தான். அச்செயல் இறைவன் பார்வைக்குச் செம்மையானது எனவும், அதன் பொருட்டு யெகூவின் மக்கள் நான்கு தலைமுறை அரியணை ஏறுவர் எனவும் இராஜாக்களின் நூல் கூறுகின்றது. நூறாண்டளவு கழித்து வந்த ஓசியா தீர்க்கதரிசியோ, அதே யெஸ்ரயேலின் இரத்தப்பழியை யெகூவின் வீட்டாரிடம் இறைவன் விசாரிப்பார் என்று கூறுகின்றார். ஒருவர் நூலில் புகழ்ச்சிக்கு ஏதுவாயது மற்றொருவர் நூலில் தண்டத்துக்கு ஏதுவாயிற்று. இவ்விருவருள்ளும் தந்தை செயலின் பயன் மக்களைச் சாரும் என்பதில் வேறுபாடில்லை. அச்செயல் நன்றோ தீதோ என்பதிலேயே வேறுபாடு. இந்த யெகூ அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனேசருக்குத் திறைகொடுத்தமை 1846-இல் நிம்ரூதில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கருங்கற்றூணில் பொறிக்கப்பட்டுள்ளது.

நாடிழந்தாரின் வினா

கி.மு. 597-இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கைக்கொண்டு, இளவரசனாயிருந்து அரசனாகி மூன்று திங்களே ஆண்ட யோயாக்கீனையும், தலைவரையும், கைவினைஞரையும் சிறைகொண்டு போயினான். கி.மு. 587 அல்லது 586-இல் நகரமும் ஆலயமும் எரியுண்டன. முதற் சிறையிற் சென்றவருள் எசேக்கியேல் என்னும் ஆசாரியரும் ஒருவர். கேபார் ஆற்றங்கரையில் தெலாபீப் என்னும் இடத்தில் தம் மக்களோடு அவர் வாழ்ந்தார். யோயாக்கீனுக்கும் அவன் மைந்தர்க்கும் அளந்துகொடுத்த எண்ணெய்க் கணக்கு எழுதிய பாபிலோனிய மண்ணேடுகள் 1939-இல் அச்சாயின. யூதாவின் ஊர் எனப் பெயர்பெற்ற குடியிருப்பொன்றின் கடனும் குத்தகையும் வரியும் குறித்த ஏடுகள் 2014-இல் வெளிவந்தன. அவற்றுள் முற்பட்டது கி.மு. 572-ஆம் ஆண்டினது. ஆகவே சிறைவாழ்வு கட்டுக்கதையன்று. ஊரும் பேரும் கணக்கும் உடைய மெய்வரலாறேயாம்.

அச்சிறையிலே பிறந்த பிள்ளைகள் வினவினர்: விக்கிரகங்களை வணங்கியவர் பாட்டனார், ஆலயத்தை மாசுபடுத்தியவர் அவர்க்கு முன்னிருந்தோர், அயல்நாட்டில் துன்புறுவோர் மட்டும் யாமோ? புளிக்குங் காயைத் தின்றவர் தந்தையர், பற்கூச்சம் அடைந்தவர் பிள்ளைகள் என்னும் கருத்தமைந்த பழமொழி அவர்தம் நாவில் வழங்கிற்று. பழம்பிழையை ஏற்று, மாண்ட முன்னோரின் அக்கிரமத்தை யாம் சுமக்கின்றேம் எனப் புலம்புதல் புலம்பல் நூலின் 5-ஆம் அதிகாரத்தும் காணப்படுகின்றது.

இப்பழமொழியில் மறைந்துள்ள இடர் பெரிது. தண்டம் முன்னரே முடிந்த பிழையின் விளைவாயின், இப்போதுள்ளார் திருந்தியும் பயனில்லை, திருந்தாமலிருந்தும் மிகுகேடில்லை. மனந்திரும்புதல் என்னும் சொல்லே வறிதாகும். எசேக்கியேல் அஞ்சியது இதனையே. ஆகலின் அவர் அப்பழமொழியை இனி வழங்கலாகாது என விலக்கி, மூன்று தலைமுறையினரை எடுத்துக்காட்டி வழக்குரைக்கின்றார். நீதிமான் ஒருவன், அவன் மகன் கொடியவன், அக்கொடியவனின் மகன் தந்தையின் தீமையைக் கண்டு அஞ்சி நல்வழி நிற்பவன். முதல்வனின் அறம் மகனைக் காவாது. மகனின் மறம் பேரனைக் கெடாது. இதனோடு நில்லாமல், ஒரு பிறவியினுள்ளேயே முன்செய்த தீமையை விட்டுத் திரும்பியவன் பிழைப்பான் எனவும், நன்மையை விட்டு வழுவியவன் மாள்வான் எனவும் மேலும் கூறுகின்றார். கொடியவன் சாவதில் இறைவற்கு மகிழ்ச்சியில்லை, அவன் திரும்பி வாழ்தலே விருப்பம் என்பது அவ்வதிகாரத்தின் முடிந்த பொருள். ஆகவே அது தண்டநூல் வகுக்க எழுந்ததன்று. நம்பிக்கை இழந்தாரை எழுப்புதற்கு எழுந்தது என்க.

ஆயினும் அவர் நூலும் முரணின்று முழுதும் நீங்கவில்லை. எருசலேமின் அழிவைக் குறித்த 21-ஆம் அதிகாரத்தில், நீதிமானையும் துன்மார்க்கனையும் ஒருங்கே இறைவன் வாளால் அறுப்பார் என வருகின்றது. நகரம் எரியும்போது நெருப்பு நல்லான் தீயான் என ஆராய்ந்து பற்றுவதில்லை என்பதை எசேக்கியேல் அறிந்தவர். அவ்வசனத்தைக் கிரேக்க மொழியிற் பெயர்த்த பழைய யூதர் நீதிமான் என்னுஞ் சொல்லை ஒழித்து, அநியாயஞ் செய்வாரையே இரண்டு பெயரால் குறித்து வைத்தனர். மூலத்தை மாற்றியேனும் இறைவனது நீதியைக் காக்க அவர் விரும்பினர் போலும்.

இவ்விருப்பமே நாளாகமங்களிற் பெரிதும் விளங்குகின்றது. இராஜாக்களின் நூல், ஐம்பத்தைந்து ஆண்டு ஆண்ட மனாசே மன்னனின் தீமை எத்துணைப் பெரிதெனின், அவன் பேரனாகிய நல்லரசன் யோசியா செய்த சீர்திருத்தமும் இறைவன் சினத்தைத் தணிக்கவில்லை என்கின்றது. அந்த யோசியாவும் கி.மு. 609-இல் மெகிதோவில் எகிப்திய மன்னன் நேகோவாற் கொல்லப்பட்டான். தீயோன் நெடிது வாழ்ந்தமையும் நல்லோன் விரைந்து மாண்டமையும் விளக்கமின்றி நிற்கின்றன. பிற்காலத்து எழுந்த நாளாகமமோ, மனாசே பாபிலோனுக்குச் சிறையாகப் போய் ஆண்டுத் தன்னைத் தாழ்த்தி மீண்டான் எனவும், யோசியா நேகோவின் வாயிலாக வந்த இறைவன் சொல்லைக் கேளாமையால் மாண்டான் எனவும் கூறி, அவனவன் பயனை அவனவன் செயலோடு இணைக்கின்றது. தாவீது குடிகளைக் கணக்கெடுத்த செய்தியும் அன்னதே. சாமுவேலின் நூலில் அவனை ஏவியது இறைவன் சினம். நாளாகமத்தில் ஏவியவன் சாத்தான். எழுபதினாயிரவர் கொள்ளைநோயால் மாண்டனர் என்பது இரு நூலினும் ஒக்கும். பிழை செய்தவன் யானன்றோ, இவ்வாடுகள் என்செய்தன எனத் தாவீது இறைவனை வினவியதும் இரு நூலினும் உள்ளது. அவ்வினாவுக்கு நேர்விடை இரண்டினும் இல்லை.

யூத ஆசிரியர் கண்ட அமைதி

எசேக்கியேல் நூல் மோசேயின் நூலோடு முரணுகின்றது என்பது பற்றி அதனை மறைத்து வைத்துவிட ஒருகாலத்து ஆசிரியர் கருதினர் எனத் தால்மூது கூறும். அனனியா பென் எசேக்கியா என்பவர் முந்நூறு சாடி எண்ணெயை மேன்மாடத்துக்கு எடுப்பித்து, விளக்கெரித்து அமர்ந்து, முரண்கள் அனைத்தையும் அமைதிசெய்தபின்னரே அந்நூல் காக்கப்பட்டது என்பது அச்செய்தி. அவர் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. அங்கே முதன்மையாகக் கருதப்பட்டவை பலியும் ஆலய விதியும் பற்றிய முரண்களே. எனினும், நூலை எறிந்துவிடுதலினும் எண்ணெய் செலவிட்டு ஆராய்தலே தக்கது என்னும் மனநிலை அதனால் விளங்கும்.

தண்டம் பற்றிய முரணுக்கு அவர் கூறிய அமைதிகள் மூன்று. முதலாவது, பிள்ளைகள் தந்தையரின் தீச்செயலைத் தாமும் கைப்பற்றி நடந்தாலன்றித் தந்தையர் பிழை அவரைச் சாராது என்பது. கட்டளைகளை அரமேய மொழியிற் பெயர்த்த ஒன்கெலோசின் தர்கூம், மூலத்தில் இல்லாத இவ்விசேடணத்தை மொழிபெயர்ப்பினுள்ளேயே சேர்த்துவிட்டது. இரண்டாவது, உபாகமத்து விதியை வழக்கு மன்றத்துச் சாட்சி விதியாகக் கொள்ளுதல். அஃதாவது மகன் கூறும் சாட்சியால் தந்தையையும், தந்தை கூறும் சாட்சியால் மகனையும் கொல்லலாகாது என்பது. நூலில் ஒரு சொல்லும் வீணாகாது என்னுங் கொள்கையுடையார்க்கு இது பொருந்திய உரை.

மூன்றாவது மிகத் துணிவுடையது. தால்மூதின் மக்கோத்துப் பகுதியில் யோசே பார் அனினா என்னும் ஆசிரியர், மோசே இஸ்ரவேலர்மேல் நான்கு தீர்ப்புகளை விதித்தார், நான்கு தீர்க்கதரிசிகள் வந்து அவற்றை நீக்கினர் என்கின்றார். தந்தையர் பிழை மக்களைச் சாரும் என்ற தீர்ப்பை நீக்கியவர் எசேக்கியேல். எண்ணாகமத்துக்கு எழுந்த மித்ராசு உரை இன்னும் மேற்செல்கின்றது. விக்கிரக வழிபாட்டினனாகிய தேராகுக்கு ஆபிரகாமும், தீயனாகிய ஆகாசுக்கு எசேக்கியா மன்னனும், ஆமோனுக்கு யோசியாவும் பிறந்தனரே. இவர் தந்தையர்பொருட்டு அடிபடுதல் நீதியோ என மோசே இறைவனிடம் வழக்காட, இறைவன் அதற்கு இசைந்து, தம் சொல்லை விலக்கி மோசேயின் சொல்லை நிறுத்தினார் என்பது அவ்வுரை. அமத்சியா செய்தியில் அவ்விதி மோசேயின் நூலிலுள்ளது என அவர் பெயராற் கூறப்பட்டதற்கு அதுவே காரணம் எனவும் முடிக்கின்றது. இறைவனது நீதியை இறைவன் முன்னரே வாதித்து நிலைநாட்டும் அடியவனைப் புகழ்ந்தமை யூத மரபின் தனியியல்பு.

கிறிஸ்தவ சபையில் நிகழ்ந்த வாதம்

யோவான் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர், பிழைசெய்தவன் இவனோ இவனைப் பெற்றாரோ என வினவுகின்றனர். எசேக்கியேலுக்கு அறுநூறாண்டின் பின்னும் பழைய எண்ணம் மக்களிடை நின்றமைக்கு இவ்வினாவே சான்று. இயேசு இருவர்மேலும் பிழையேற்றாது மறுக்கின்றார். அதே அதிகாரத்தின் இறுதியில் தாம் தீர்ப்பின்பொருட்டு உலகிற்கு வந்ததாகக் கூறுகின்றார். 12-ஆம் அதிகாரத்திலோ உலகைத் தீர்க்கவன்று, இரட்சிக்கவே வந்ததாகக் கூறுகின்றார். உரையாசிரியர் இவற்றுள் ஒன்றை வந்த நோக்கமாகவும், மற்றொன்றை அவ்வருகையால் நேரும் விளைவாகவும் கொண்டு அமைதி கூறுவர். ஒளி வந்தது காட்டுதற்பொருட்டே. அதனாற் கண்மூடுவார் யாரெனத் தெரிதல் அதன் விளைவு.

சினோப்பே நகரத்து மார்க்கியோன் இவ்வாறு அமைதிகாண உடன்படவில்லை. தந்தையர் பிழைக்கு மக்களை ஒறுக்கும் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என அவர் துணிந்தார். முரண்பாடுகளை எதிரெதிர் நிறுத்திய நூலொன்றும் இயற்றினார். 144-இல் உரோமைச் சபை அவரை விலக்கிற்று. அவரை மறுத்து ஐந்து நூல் எழுதிய தெர்த்துல்லியன், மக்களின் வன்னெஞ்சமே அவ்வச்சுறுத்தலுக்குக் காரணம். தன் நலம் கருதித் திருந்தாதவனும் பிள்ளைகள் நலம் கருதித் திருந்துவான் என்பது பற்றியே அது கூறப்பட்டது என்றார்.

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிகேன் கூறிய விடை சைவ நூல் பயின்றார் உன்னிக் கருதற்பாலது. ஏசாவும் யாக்கோபும் ஒரு வயிற்றில் இருக்கும்போதே ஒருவன் விரும்பப்பட்டதும் ஒருவன் வெறுக்கப்பட்டதும் எங்ஙனம் நீதியாகும் என வினவி, உயிர்கள் இவ்வுடம்பெடுக்குமுன்னரே இருந்தன. ஆண்டுச் செய்த நன்மை தீமைக்கேற்பவே பிறப்பின் ஏற்றத்தாழ்வு அமைந்தது என அவர் கருதினார். இறைவன் பாரபட்சமுடையனல்லன் என நிறுவுதலே அவர் நோக்கம். உயிர்களின் முன்னிருப்பைக் கூறும் இக்கொள்கை ஆறாம் நூற்றாண்டில், யுஸ்தினியன் பேரரசன் நாளில், விலக்கப்பட்டது.

அவ்விடை அடைபட்டபின் மேனாட்டுச் சபை வேறு வழியிற் சென்றது. ஆதாமின் பிழை அவன் வழிவந்த அனைவரையும் பிறக்கும்போதே பற்றியுள்ளது என அகுஸ்தீன் வலியுறுத்தினார். 418-இல் கார்த்தேசில் கூடிய சங்கம் அவர் சார்பில் நின்றது. எக்கிளானம் ஊரின் ஆயராகிய யூலியான் என்பவர் எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி, மகன் தந்தையின் பிழையைச் சுமவான் எனின் குழந்தை ஆதாமின் பிழையைச் சுமப்பதெங்ஙனம் எனத் தாக்கினார். அவ்வுரை புதிய உடன்படிக்கையில் மறுபிறப்பெய்துவார்க்கே உரியது என்றார் அகுஸ்தீன். அவ்வாதம் முடியுமுன்னரே 430-இல் அவர் மறைந்தார்.

இம்முரண் ஏட்டளவில் நின்றிருப்பின் கேடில்லை. மத்தேயு சுவிசேஷம் 27-ஆம் அதிகாரத்தில், இயேசுவின் இரத்தப்பழி தம்மேலும் தம் பிள்ளைகள்மேலும் இருக்கட்டும் எனக் கூட்டத்தார் கூறியதாக உள்ளது. அவ்வொரு வசனத்தைப் பற்றி, அந்நாளில் ஆண்டிருந்தாரல்லாத யூதரையும், அவர் மக்களையும், மக்களின் மக்களையும் பழிகாரராகக் கருதும் வழக்கம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டு நின்றது. எசேக்கியேலின் நூலைத் திருநூலென ஓதியவரே அதனை மறந்தனர். மூன்றாந் தலைமுறை, நான்காந் தலைமுறை என்னும் எல்லையையும் கடந்து ஆயிரத்தைந்நூறாண்டுக்குமேல் பழி நீண்டது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-இல் இரண்டாம் வாத்திக்கான் சங்கம், அப்பாடுகளை அந்நாளில் வாழ்ந்த யூதர் யாவர்மேலும் வேற்றுமையின்றியோ, இந்நாள் யூதர்மேலோ ஏற்றலாகாது என அறிவித்தது. எசேக்கியேலின் கொள்கை அவர் இனத்தார்க்கே பயன்படுதற்கு இத்துணைக் காலம் சென்றது இரங்கத்தக்கது. அதற்குள் எண்ணிறந்த உயிர்கள் மாண்டன.

பிற்கால ஆராய்ச்சி

1670-இல் வெளிவந்த தம் நூலில் ஸ்பினோசா, அனனியாவின் செய்தியை எடுத்துக்காட்டித் தீர்க்கதரிசிகள் தம்முள் கருத்து வேறுபட்டவர் என வாதித்தார். 1794-இல் தாமஸ் பெயின், தந்தையர் பிழையை மக்களிடம் விசாரிக்கும் கட்டளை அறநீதி அனைத்திற்கும் மாறானது எனக் கண்டித்தார். 1878-இல் ஜெர்மானியராகிய வெல்ஹவுசன், மோசே நூல்கள் பல காலத்துப் பல கையால் எழுந்து தொகுக்கப்பட்டவை எனத் தம் ஆராய்ச்சியால் விளக்கியபின், முரண்கள் வரலாற்றுப் படிகளாக எண்ணப்பட்டன. குலப்பழி முற்பட்டது, தனிப்பழி பிற்பட்டது என்பது பலர் கொண்ட வரிசை.

அவ்வரிசையையும் பின்வந்தோர் முற்றும் ஒப்பவில்லை. எசேக்கியேலுக்கு முற்பட்ட சட்டங்களும் பிழைசெய்தவனையே பெரும்பாலும் ஒறுக்கின்றன. பிற்பட்ட நூல்களும் முன்னோர் பிழையை எண்ணி அழுகின்றன. இரண்டெண்ணமும் ஒருங்கே நின்றன. நாடழிந்த காலத்து ஒன்று மேலோங்கிற்று எனக் கூறுதலே பொருத்தமாம். தொகுத்தோர் ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்தாமல் இரண்டையும் காத்தமை அவர்தம் நேர்மையைக் காட்டும். தந்தையின் குடியால் மகன் வறுமையுறுதலும், ஆள்வோன் பிழையால் குடிகள் அழிதலும் கண்கூடு. அவ்வாறழிந்த குழந்தை குற்றவாளியன்று என்பதும் நெஞ்சறிந்த உண்மை. விளைவு பலரைச் சாரும். குற்றம் செய்தானையே சாரும். இவ்விரண்டினையும் பிரித்தறியாத இடத்தே முரண் தோன்றுகின்றது.

முடிவுரை

வினை உயிர்தோறும் வெவ்வேறாக ஈட்டப்படுவது, ஈட்டிய உயிரே அதனை நுகரும், இறைவன் நடுவுநின்று ஊட்டுவான் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. தந்தையின் வறுமையும் நோயும் மகனைச் சாருமிடத்து, அக்குடியிற் பிறத்தலே அவ்வுயிரின் முன்வினைப் பயன் எனச் சித்தாந்தம் விடைகூறும். ஓரிகேன் தொட்டு விடுத்ததும், சீடர் குருடனைக் கண்டு வினவியபோது அரும்பியதும் இவ்விடையின் அணிமையிலேயே உள்ளன. ஆயின் இதனைக் கொண்டு துன்புறுவானைப் பார்த்து, உன் வினை எனக் கூறி அகலுதல் எசேக்கியேல் விலக்கிய பழமொழியை வேறு சொல்லால் வழங்குதலேயாகும். வினைக்கொள்கை தன்னைத் திருத்துதற்கும் பிறர்க்கு இரங்குதற்கும் உரியதன்றிப் பழிதூற்றுதற்கு உரியதன்று.

பிற சமய நூலை ஆராய்வார் முரணும் ஓரிடத்தை மட்டும் எடுத்து இகழ்தல் எளிது. யாத்திராகமத்து வசனத்தை மட்டும் காட்டி எசேக்கியேலை மறைப்பவனும், எசேக்கியேலை மட்டும் காட்டி யாத்திராகமத்தை மறைப்பவனும் ஒரு தன்மையரே. சிவஞான சித்தியார் பிறர் கொள்கையை மறுக்குமுன்னர், பரபக்கத்தில் அவரவர் கூறுமாறே அதனை எடுத்து நிறுத்துகின்றது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் பேர்சிவல் பாதிரியார்க்குத் துணைநின்று பைபிளைத் தமிழாக்கிய பயிற்சியுடையவராதலின், 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில் அந்நூலை நன்கறிந்தே எடுத்தாண்டார். அம்முறையே கற்றார்க்குரியது. முந்நூறு சாடி எண்ணெய் எரித்து ஒரு நூலைக் காத்த ஆசிரியரின் பொறுமையும், பாறைமேலிருந்து மக்களைக் காத்த தாயின் துயரமும் ஒருங்கே உள்ளத்திற் கொள்வார்க்கு, இம்முரண் இகழ்தற்குரிய குறையாகத் தோன்றாது. இறைவனது நீதியை அறியவேண்டி மாந்தர் நெடுங்காலம் உழந்த உழப்பின் வரலாறாகவே தோன்றும்.